மங்கல் எழுத்து கண்ணுக்கு இதமா? குறைந்த கான்ட்ராஸ்ட் தீம்களும் தமிழ் எழுத்தும்

நாள் முழுக்கத் திரையில் எழுத்தைப் பார்த்தே வேலை செய்கிறவருக்கு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே எவ்வளவு ஒளி வேறுபாடு தேவை? நிரல் எழுதுவோர் நடுவே இந்தக் கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில்கள் குவிந்து வருகின்றன. கன்னங்கரிய பின்னணியில் பளீர் வெள்ளை எழுத்து கண்ணை உறுத்துகிறது, இரண்டையும் தணித்துவிட்டால் நெடுநேரம் சோர்வில்லாமல் உட்காரலாம் என்பது ஒரு தரப்பு. தணித்தால் படிப்பதே பாடாகிவிடும், அந்தப் பாடுதான் சோர்வைத் தருகிறது என்பது மறுதரப்பு. எடிட்டருக்கும் டெர்மினலுக்கும் இன்று கிடைக்கும் ‘லோ கான்ட்ராஸ்ட்’ தீம்கள் முதல் தரப்பின் கைவேலை.

இரு தரப்பின் வாதங்களும் பெரும்பாலும் ரோமன் எழுத்தை முன்வைத்தே எழுந்தவை. தமிழைத் திரையில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அதே தீம்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பதில்கள் தமிழ் எழுத்துக்கு எந்த அளவு பொருந்துகின்றன என்பது தனியாகப் பார்க்கப்பட வேண்டிய விஷயம். இந்தக் கட்டுரையின் கவலை முதன்மையாக அதைப் பற்றியது.

ஓலை முதல் பாஸ்பர் வரை

எழுத்தை எடுப்பாகத் தெரியவைக்கும் சிக்கல் திரையோடு பிறந்ததல்ல. எழுத்தாணியால் கீறிய ஓலையில் கீறல் ஓலையின் நிறத்திலேயே இருக்கும். சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து புலப்படும். அதனால்தான் கீறலில் விளக்குக் கரி கலந்த மையைத் தடவித் துடைத்தார்கள். கான்ட்ராஸ்டைக் கூட்டத் தமிழர் கையாண்ட மிகப் பழைய முறைகளில் இது ஒன்று. ஓலையில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ரகரத்துக்கும் காலுக்கும், குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. சுவடிகளோடு மல்லாடிய உ.வே. சாமிநாதையர் இந்தத் தொல்லையைப் பதிவு செய்திருக்கிறார். இருப்பது புள்ளியிட்ட எழுத்தா, இல்லையா என்பதை வாசகர் தன் மொழியறிவால் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அச்சு பரவப் பரவப் புள்ளி நிலைபெற்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிந்தாதிரிப்பேட்டையில் அமெரிக்க மிஷன் திருச்சபையை நிறுவி இயங்கிய மைரன் வின்ஸ்லோ தொகுத்த தமிழ் ஆங்கில அகராதி, 1862ல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹன்ட்டின் கைப்பக்குவத்தில் அச்சாயிற்று. பல்லாயிரம் சொற்களை ஒரே நூலில் அடக்க வேண்டுமானால் எழுத்து சிறியதாக வேண்டும். சிறிய எழுத்தில் புள்ளியும் சுழியும் தெளிய வேண்டுமானால் அச்சுவார்ப்பு கூர்மையாகவும் மை கருமையாகவும் வேண்டும். எழுத்தின் அளவும் கருமையும் சேர்ந்தே தெளிவைத் தீர்மானிக்கின்றன என்பது அச்சுக்காரர்களுக்கு அன்றே தெரிந்த பாடம்.

முதல் கணினித் திரைகள் இதைத் தலைகீழாக்கின. பாஸ்பர் பூசிய கண்ணாடியில் பச்சையோ ஆம்பரோ வெள்ளையோ ஒளிர, மற்றதெல்லாம் இருட்டு. 1978ல் வந்த விடி100 டெர்மினலும் அந்த வழியில் வந்ததே. திரை முழுதையும் வெள்ளையாக ஒளிரவிட்டால் மின்னி மின்னி மறைவது கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதே இருட்டுப் பின்னணிக்கு முக்கியக் காரணம். அழகோ இதமோ கருதி யாரும் தேர்ந்தெடுத்ததல்ல. 1973ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தின் ஆல்ட்டோவும், 1984ல் மேகின்டாஷும் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்ற தோற்றத்தைத் திரைக்குக் கொண்டுவந்தன. ஆனால் டெர்மினல் மட்டும் பெரும்பாலும் இருட்டிலேயே நின்றுவிட்டது. இன்றைய ‘டார்க் தீம்’ விருப்பத்தில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு கண்ணின் தேவை என்று பிரித்தறிவது எளிதல்ல.

இதத்தின் தரப்பு: சென்பர்னும் சோலரைஸ்டும்

குறைந்த கான்ட்ராஸ்ட் என்ற கொள்கையைப் பெயரோடு முன்வைத்த மூத்த தீம்களில் ஒன்று சென்பர்ன். பின்லாந்தைச் சேர்ந்த யானி நூர்மினென் 2002 வாக்கில் விம் எடிட்டருக்காக உருவாக்கியது. பின்னணி கறுப்பல்ல, அடர் சாம்பல். எழுத்து வெள்ளையல்ல, லேசாக மஞ்சள் கலந்த வெளிர்நிறம். கமென்ட், அதாவது நிரலுக்குள் எழுதிவைக்கும் குறிப்பு, மங்கிய பச்சை. எல்லா நிறங்களும் ஒரே தூசு படிந்தவை போல அடங்கியிருக்கும். பிற்பாடு ஈமாக்ஸ் உட்படப் பல எடிட்டர்களுக்கும் டெர்மினல்களுக்கும் அது பெயர்ந்து சென்றது.

இந்தக் கொள்கைக்கு ஒரு கணித உருவம் கொடுத்தவர் ஈத்தன் ஸ்கூனோவர். 2011ல் வெளியான அவருடைய சோலரைஸ்டு, எட்டுச் சாம்பல்சார் படிகளும் எட்டு நிறங்களுமாகப் பதினாறு நிறங்களைக் கொண்டது. கண் உணரும் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளக்கும் சிஐஇ லேப் அளவையில் இவை தேர்ந்தெடுக்கப்பட்டன. இருண்ட வடிவத்தில் பின்னணி 15, எழுத்து 60. வெளிர் வடிவத்தில் பின்னணி 97, எழுத்து 50. இடைவெளி 45க்கும் 47க்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக மாற்றிக்கொண்டாலும் நிறங்களின் உறவு கலையாது. கணினித் திரையில் வெள்ளை மேல் கறுப்பு என்பது நேர் வெயிலில் புத்தகம் படிப்பதற்கு ஒப்பு, அது கண்ணைச் சோர்வாக்கும் என்பது அவர் முன்வைத்த காரணம். வெளிச்ச வேறுபாட்டைக் குறைத்தாலும் நிற வேறுபாட்டை விட்டுக்கொடுக்காமல் இருப்பதே அவர் வடிவமைப்பின் நுட்பம். அதற்கு முன் தீம்கள் பெரும்பாலும் ரசனையால் ஆனவை; அளந்து கட்டும் ஒழுங்கை இந்தத் துறைக்குக் கொண்டுவந்ததற்காகவே சோலரைஸ்டு மதிக்கப்பட வேண்டியது. 2012ல் குரூவ்பாக்ஸ், 2016ல் நார்டு எனப் பின்வந்த பலவும் ஏதோ ஒரு வகையில் அதன் வழித்தோன்றல்கள்.

இந்தத் தரப்பின் பலவீனம் அதன் அடிப்படைக் கூற்றில் இருக்கிறது. நேர் வெயிலில் தாள் கூசுவது கான்ட்ராஸ்டால் அல்ல, மொத்த ஒளியின் மிகுதியால். தாளை நிழலுக்குக் கொண்டுபோனால் தாளின் ஒளியும் மையின் ஒளியும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. அதே நிழலைத் திரையில் கொண்டுவரப் பிரகாசத்தைக் குறைத்தாலே போதாதா என்று எதிர்த்தரப்பு கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் பலர் திரையின் பிரகாசத்தைத் தொடுவதே இல்லை என்பதும், அவர்களுக்கு மங்கல் தீம் மறைமுகமாகப் பிரகாசத்தைக் குறைத்துத் தருகிறது என்பதும் அந்த நியாயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

அளவுகோலின் தரப்பு

இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்ற நோக்கில் 2008 டிசம்பரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 நெறிகள், வழக்கமான அளவு எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் விகிதத்தைக் குறைந்தபட்ச வரம்பாகவும், 7க்கு 1 என்பதை மேல்நிலை வரம்பாகவும் வகுத்தன. தூய வெள்ளையில் தூய கறுப்பு 21க்கு 1. பார்வைத் திறன் ஓரளவு குறைந்தவருக்கு ஈடுகட்ட 4.5, இன்னும் குறைந்தவருக்கு 7 என்ற அடிப்படையில் இந்த எண்கள் வந்தன. இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள், ஐ.எஸ். 17802 தரம் ஆகியவற்றின் வழியே இதே சிந்தனை நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒருவர் தன் எடிட்டருக்குத் தேர்ந்தெடுக்கும் தீமை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தீம்களை ஒப்பிட வேறு பொது அளவுகோல் இல்லாததால் வாதங்கள் எல்லாம் இந்த எண்களிலேயே நடக்கின்றன.

அந்த விகிதத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் இரண்டு தீம்களையும் போட்டுப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சோலரைஸ்டின் இருண்ட வடிவத்தில் முதன்மை எழுத்து ஏறத்தாழ 4.75, வரம்பைச் சற்றே தாண்டுகிறது. வெளிர் வடிவத்தில் 4.1, வரம்புக்குக் கீழே. ‘குறைந்த கான்ட்ராஸ்ட்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் சென்பர்னோ 7.6 பெற்று மேல்நிலை வரம்பையே தாண்டிவிடுகிறது! ஒரே பெயரின் கீழ் அடைபடும் இரு தீம்கள் உண்மையில் வேறு வேறு இடங்களில் நிற்கின்றன. ‘லோ கான்ட்ராஸ்ட் நல்லதா, கெட்டதா’ என்று மொத்தமாகக் கேட்பது இதனாலேயே பயனற்றுப் போகிறது.

உண்மையான சரிவு கமென்டில் இருக்கிறது. சென்பர்னில் கமென்ட் 3.6. சோலரைஸ்டு இருண்ட வடிவத்தில் 2.8. வெளிர் வடிவத்தில் 2.5. நிரலின் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று கமென்டை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளுவது பெரும்பாலான தீம்களின் மரபு. இந்த மரபை மறுத்தவர்களும் உண்டு. புரோட்டசிலாஸ் ஸ்டாவ்ரூ உருவாக்கிய மோடஸ் தீம்கள் கமென்ட் உட்பட எல்லா எழுத்துக்கும் 7க்கு 1 என்ற வரம்பைக் கொள்கையாக ஏற்றவை. 2022ல் வெளியான ஈமாக்ஸ் 28ல் அவை உடன்சேர்ந்தே வந்தன.

டபிள்யூ.சி.ஏ.ஜி. சூத்திரமும் குறையற்றதல்ல. எழுத்து இருண்டதா, பின்னணி இருண்டதா என்பதை அது கண்டுகொள்வதில்லை. இரண்டையும் இடம் மாற்றினாலும் ஒரே எண்தான் வரும். இருண்ட நிறங்களுக்கிடையே கண் உணர்வதைவிடக் கூடுதலான வேறுபாட்டை அது காட்டுகிறது என்ற விமர்சனமும் வலுவானது. அதற்கு மாற்றாக ஆண்ட்ரூ சோமர்ஸ் முன்வைத்த ஏ.பி.சி.ஏ. முறை எழுத்தின் பருமனையும் அளவையும் ஒளித்திசையையும் கணக்கில் கொள்கிறது. அடுத்த தலைமுறை நெறிகளின் வரைவில் சில காலம் இடம்பெற்ற அந்த முறை பின்னர் எடுக்கப்பட்டது. முடிவான அளவுகோல் இன்னும் வரவில்லை.

ரிச்சி தெருவின் திரைகள்

சூத்திரம் பேசுவது ஒரு கற்பனைத் திரையைப் பற்றி. நடைமுறைத் திரையைப் பார்க்கச் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி, அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். 1734ல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களையும் நூற்பவர்களையும் துணியில் சித்திரம் தீட்டுபவர்களையும் வெளுப்பவர்களையும் குடியேற்றி உருவானது சிந்தாதிரிப்பேட்டை. இன்று அதன் ஓரத்தில் நரசிங்கபுரம் தெருவும் வாலர்ஸ் சாலையும் சேர, நாட்டின் பெரிய எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் ஒன்று நடக்கிறது. அலுவலகங்கள் கழித்துவிட்ட மானிட்டர்கள் செகண்ட்ஸாகக் கைமாறுவது இங்கே. கடையில் எல்லாத் திரையும் முழுப் பிரகாசத்தில், நிறம் கொழிக்கும் படத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். மங்கல் எழுத்து அதில் எப்படித் தெரியும் என்பதை அந்தப் படம் சொல்லாது.

விலை குறைந்த மானிட்டர்களிலும் மடிக்கணினிகளிலும் நெடுங்காலம் கோலோச்சியது ‘ட்விஸ்டெட் நெமாட்டிக்’ வகைத் திரை. தலையைச் சற்றே ஏற்றி இறக்கினாலும் அதன் நிறம் மாறும். இருண்ட பகுதி சாம்பலாக வெளிறும். சோலரைஸ்டின் பின்னணி 15, வரியைத் தனித்துக் காட்டும் பட்டை 20. இந்த ஐந்து அலகு இடைவெளி நல்ல திரையில் மென்மையாகத் தெரியும். இத்தகைய திரையில் ஒரு கோணத்தில் மறைந்தே போகும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில்தான் இங்கே பலர் முதல் நிரலை எழுதினார்கள். அந்த விலைப்பிரிவின் திரைகளை மனத்தில் வைத்து எந்தத் தீமும் அளக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது அறையின் வெளிச்சம். டபிள்யூ.சி.ஏ.ஜி. சூத்திரம் திரையின் மேல் பட்டுத் தெறிக்கும் ஒளிக்காக இரு பக்கமும் 0.05 என்ற நிலையான எண்ணைச் சேர்க்கிறது. சென்னைப் பகல் வெளிச்சம் ஜன்னல் வழியே மேசைக்கு வரும் அறையில் இது போதாது. அந்த எண்ணை 0.10 என்று இரட்டித்துக் கணக்கிட்டால், தூய கறுப்பு வெள்ளை 21லிருந்து 11க்கு இறங்கும். அப்போதும் படிக்கத் தாராளம். சென்பர்ன் 7.6லிருந்து 5.4. சோலரைஸ்டு இருண்ட வடிவம் 4.75லிருந்து 3.2, அதன் கமென்ட் 2.8லிருந்து 2. வெளிர் வடிவம் மட்டும் 4.1லிருந்து 3.6 என்று குறைவாகவே இழக்கிறது. இரவில், விளக்கைத் தணித்த அறையில் இதமான ஒரு தீம் காலை பதினொரு மணிக்குப் படிக்கவே முடியாததாகிவிடுவது இதனால்தான். மங்கல் தீமைப் புகழ்கிறவரும் பழிக்கிறவரும் பல நேரம் வேறு வேறு அறைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

ஆய்வகம் சொல்வது

கறுப்பா வெள்ளையா என்ற கேள்வி மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1931லேயே ஆராயப்பட்டது. டொனால்டு பேட்டர்சனும் மைல்ஸ் டிங்கரும் அச்சுத் தாளில் சோதித்து, வெள்ளை மேல் கறுப்பு எழுத்து ஏறத்தாழ 10 சதவீதம் வேகமாகப் படிக்கப்படுவதைக் கண்டார்கள். திரைக்கு வந்தபின் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் பீப்பன்பிராக், மேயர், புக்னர் ஆகியோர் 2013லும் 2014லும் வெளியிட்ட ஆய்வுகளும் பிழைதிருத்தும் வேலையில் வெளிர் பின்னணியே மேல் என்று காட்டின. இளையோருக்கும் முதியோருக்கும் அப்படியே. வெளிர் திரை கண்மணியைச் சுருக்குகிறது, சுருங்கிய கண்மணி நுண்ணிய விவரத்தைக் கூர்மையாக்குகிறது என்பது அவர்கள் விளக்கம். எதிர்த்திசையிலும் ஒரு முடிவு உண்டு. 2018ல் டூபிங்கனில் நடந்த ஆய்வில், வெளிர் பின்னணியில் ஒரு மணி நேரம் படித்தவர்களின் விழித்திரைக்குப் பின்னுள்ள கோராய்டு படலம் மெலிந்தது. இருண்ட பின்னணியில் படித்தவர்களுக்குத் தடித்தது. கிட்டப்பார்வை வளர்வதோடு இதற்குத் தொடர்பிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஒரு மணி நேர மாற்றத்திலிருந்து ஆயுட்கால விளைவை எட்டிப்பிடிக்க முடியாது.

கான்ட்ராஸ்டின் அளவைப் பற்றிய அடிப்படை வேலையும் மினசோட்டாவிலிருந்தே வந்தது. கார்டன் லெக் குழுவினர் 1987ல் வெளியிட்ட ஆய்வு, நல்ல பார்வையும் நடுத்தர அளவு எழுத்தும் இருந்தால் கான்ட்ராஸ்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தும் படிக்கும் வேகம் பாதிக்குக் கீழே போவதில்லை என்று காட்டியது. மங்கல் தீம் விரும்பிகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் எழுத்து மிகச் சிறிதானால் அந்தச் சகிப்பு போய்விடுகிறது. பார்வை குறைந்தவர்களுக்கும் அது இருப்பதில்லை. கண்புரையால் விழி மங்கிய சிலருக்கு இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்தே எளிது என்பதையும் அதே குழு முன்பே கண்டிருந்தது. சிதறி வரும் ஒளி குறைவதே காரணம். கூவத்துக்கு அக்கரையில், சிந்தாதிரிப்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள, 1819ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு வரும் முதியோரை நினைத்தால், ‘எல்லோருக்கும் ஒரே தீம்’ என்ற பேச்சு எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

சோர்வைப் பற்றிய சான்று வேகத்தைப் பற்றியதைவிட மெலிந்தது. கண் எரிச்சலுக்கு மிக உறுதியான ஒரு காரணம் இமை கொட்டாமை. சும்மா இருக்கையில் நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை கொட்டும் இமை, புத்தகம் படிக்கையில் 10 ஆகவும் திரை முன் 7 ஆகவும் குறைவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993ல் பதிவு செய்தார்கள். ஏ.சி. அறையில் இது இன்னும் உறைக்கும். எந்தத் தீமும் இதைத் தீர்ப்பதற்கில்லை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் திரைச் சோர்வைக் குறைப்பதாகச் சான்றில்லை என்று 2023ன் காக்ரேன் மீளாய்வு சொன்னதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். கண்ணுக்கு இதம் என்ற விளம்பரச் சொல் சான்றுக்கு முன்னால் ஓடும் பழக்கம் இந்தத் துறையில் புதிதல்ல.

நிறங்களால் நிரல் எளிதாகப் புரிகிறதா என்பதிலும் ஒருமித்த விடை இல்லை. உதவுகிறது என்றது 2015ல் வந்த ஒரு சிறு ஆய்வு. தொடக்கநிலையாளர் பலரைக் கொண்டு 2018ல் நடந்த பெரிய ஆய்வு குறிப்பிடத்தக்க பயன் எதையும் காணவில்லை.

தமிழ் எழுத்து எங்கே நிற்கிறது

தமிழர் எழுதும் நிரல் பெரும்பாலும் ரோமன் எழுத்திலேயே இருக்கும். கட்டளைச் சொல், மாறியின் பெயர் எல்லாம் ஆங்கிலம். அந்தக் கோப்பில் தமிழ் வருகிற இடங்கள் இரண்டு: ஒன்று கமென்ட், மற்றது மேற்கோள் குறிக்குள் வரும் சரம். அந்த இரண்டில் கமென்ட்தான் பெரும்பாலான மங்கல் தீம்கள் மிக மங்கலாக்கும் இடம். சோலரைஸ்டு இருண்ட வடிவத்தில் ரோமன் எழுத்து 4.75ல் படிக்கக் கிடைக்கும் அதே திரையில் தமிழ் 2.8ல் கிடைக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் விளைவு இதுதான்.

தமிழுக்கு அந்த 2.8 போதுமா என்றால், ரோமன் எழுத்துக்குப் போதும் அளவுக்குக்கூடத் தமிழுக்குப் போதாது என்று கருத இடமிருக்கிறது. ‘இந்தப் பட்டியலில் விடுபட்ட ஊர்களைச் சேர்’ என்று ஒரு கமென்ட் இருப்பதாகக் கொள்வோம். ஐந்து சொற்களில் எட்டுப் புள்ளிகள். ஆங்கிலத்தின் சிறிய ஐ எழுத்துக்கு மேலுள்ள புள்ளி அழிந்தாலும் எழுத்து மாறாது. தமிழில் புள்ளி அழிந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். னகரத்துக்கு இரண்டு சுழி, ணகரத்துக்கு மூன்று. ரகரத்தையும் காலையும் பிரிப்பது பல எழுத்துருக்களில் அடியில் உள்ள சிறு சாய்கோடு. இவையெல்லாம் ஒன்றிரண்டு பிக்சலில் அடங்கும் விவரங்கள். உருவம் நுண்ணியதாக ஆக அதைக் காணக் கூடுதல் கான்ட்ராஸ்ட் வேண்டும் என்பது 1968ல் கேம்ப்பெல், ராப்சன் ஆகியோரின் ஆய்வு முதல் நிறுவப்பட்ட உண்மை.

இதில் எழுத்துருவின் பங்கும் சேர்கிறது. எடிட்டர்களுக்காக உருவான ஒற்றை அகல எழுத்துருக்களில் தமிழ் அரிது. தமிழ் வந்ததும் கணினி லோகித், நோட்டோ போன்ற வேறோர் எழுத்துருவை இரவல் வாங்கும். ரோமன் எழுத்துக்கென வகுத்த கட்டத்துக்குள் அகலமான தமிழ் எழுத்தை அடைக்கும்போது கோடு மெலியும். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்தே நிற்கும். கோடு ஒரு பிக்சலைவிட மெலிந்தால் திரை அதை இடைநிறத்தில் பூசும். பாதி மட்டுமே நிரம்பும் பிக்சலில் ஒரு புள்ளி விழுந்தால், சோலரைஸ்டு கமென்டின் 2.8 என்ற விகிதம் அந்த இடத்தில் ஏறத்தாழ 1.6 ஆகிவிடும். ஏட்டில் எழுதப்பட்ட விகிதம் ஒன்று, கண்ணுக்கு வந்து சேரும் விகிதம் வேறொன்று.

பழகிய வாசகர் ஊகித்துப் படித்துவிடுவார் என்ற மறுமொழியை ஒதுக்க முடியாது. ஓலைச்சுவடியைப் புள்ளியில்லாமலே தலைமுறை தலைமுறையாகப் படித்த மரபு நம்முடையது. தொடர்ச்சியான உரைநடையில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே அமையும். நிரலில் நிலைமை வேறு. முத்து அண்ணாமலை உருவாக்கி 2009ல் கட்டுரை வடிவில் அறிமுகப்படுத்திய எழில் நிரல்மொழியில் ‘பதிப்பி’, ‘நிரல்பாகம்’, ‘பின்கொடு’ ஆகியவை கட்டளைச் சொற்கள். மூன்றிலும் புள்ளி இருக்கிறது. ஒன்று விடுபட்டாலும் கணினி அந்தச் சொல்லை அறியாது. விடுபட்டது மங்கல் திரையில் எழுதியவர் கண்ணுக்கும் தெரியாது. ஆட்பெயர், ஊர்ப்பெயர், கலைச்சொல் என முன்பின் ஊகத்துக்கு இடமில்லாத சொற்கள் வரும் தரவுக் கோப்புகளிலும், மொழிபெயர்ப்புக் கோப்புகளிலும் இதே இடர். தமிழில் பிழைதிருத்துவோருக்கு மங்கல் தீம் ஏற்றதல்ல என்று சொல்ல இந்த அளவு காரணம் போதும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இன்னும் திறந்திருப்பவை

நல்ல கண், மட்டான அறை வெளிச்சம், தரமான திரை, போதிய எழுத்தளவு ஆகிய நான்கும் அமைந்தவருக்குக் குறைந்த கான்ட்ராஸ்ட் தீமால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. விருப்பப்படி வைத்துக்கொள்வதில் தீங்கேதும் தெரியவில்லை. அந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் இதத்தின் வாதம் தளர்கிறது. இந்த இரண்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கவை. மங்கல் தீம் சோர்வைக் குறைக்கிறது என்ற மையக் கூற்று மட்டும் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நிறுவப்படாமலே இருக்கிறது. பொய்யென்றும் நிறுவப்படவில்லை. சோர்வை அளக்கும் முறையிலேயே ஒற்றுமை இல்லாததால் அது விரைவில் முடியும் வழக்காகவும் தோன்றவில்லை.

தமிழைப் பொறுத்தவரை கேட்கவேண்டிய கேள்விகள் குறுகியவை, சோதிக்கத்தக்கவை. 12, 14, 16 பிக்சல் அளவுகளில் எந்த விகிதத்துக்குக் கீழே வாசகர் புள்ளியைத் தவறவிடத் தொடங்குகிறார்? னகர ணகரக் குழப்பம் எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் கூடுகிறது? வெளிர் பின்னணியின் மேன்மை சுழி மிகுந்த எழுத்தில் கூடுமா, குறையுமா? ரோமன் எழுத்தில் செய்த சோதனைகளைத் தமிழ்ப் பாடத்தோடு மறுபடி செய்ய ஓர் ஆய்வகமும் சில பத்து வாசகர்களும் போதும். செலவு மிகுந்த ஆய்வல்ல. கேட்க ஆளில்லாததால் கிடக்கும் ஆய்வு.

விடை வரும்வரை நடுவழி ஒன்று இருக்கிறது. தீம் முழுவதையும் கைவிட வேண்டியதில்லை. சோலரைஸ்டு இருண்ட வடிவத்தில் கமென்டின் நிறத்தை அதே தட்டில் 45ஆம் படியிலிருந்து 65ஆம் படிக்கு உயர்த்தினால் விகிதம் 2.8லிருந்து 5.6க்கு ஏறுகிறது, மற்ற எந்த நிறத்தையும் தொட வேண்டியதில்லை. சென்பர்னிலோ கான்ட்ராஸ்டைக் கூட்டுவதற்கான அமைப்பை நூர்மினென் தாமே வைத்திருக்கிறார். இரண்டும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு வரி வேலை.